எங்கள் வீட்டு ஜிப்ஸி

பெண் பிள்ளைகள் மூவர் உள்ள வீட்டில் கோடை விடுமுறை வந்துவிட்டால் தையல் வகுப்பு, பாட்டு வகுப்பு, கணினி வகுப்பு என்று ஏதேனும் ஒன்றில் சேர்த்துவிடுவது வழக்கம். 2023ஆம் ஆண்டுக் கோடையில் நாங்கள் சேர்ந்ததோ ஒரு மோட்டார் பட்டறை! கட்டணம் இல்லை, சான்றிதழும் இல்லை. கிடைத்ததெல்லாம் கை நிறையக் கொப்புளங்களும், சோப்புக்கு அசையாத கரிய நகங்களுமே. வகுப்பில் எங்கள் விரல்களைக் கண்ட சிஸ்டர் ஒருவர் காரணம் கேட்டார். சொன்னோம். சற்று நேரம் எங்களையே பார்த்துவிட்டு, "எலுமிச்சம்பழத்தில் சர்க்கரை தொட்டுத் தேய்த்துப் பாருங்கள்" என்று மட்டும் கூறினார். அது உண்மையிலேயே பலித்தது.

எங்களை அறியாத தோழியருக்காக ஒரு சொல். அக்கா இதே பள்ளியில் 2023இல் பிளஸ் டூ முடித்து, இப்போது கல்லூரியில் கணிதம் பயில்கிறாள். மற்ற இருவரும் இங்கேயே படிக்கிறோம். வீடு கோவையில். அம்மாவின் பிறந்த வீடு வால்பாறை மலையில். தாத்தா அங்கே தேயிலைத் தோட்டம் ஒன்றில் பணிபுரிந்தவர். ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சென்றால் வரும் ஊர் அது. மழைக்குப் பெயர் போனது. அந்த மழைதான் இக்கதைக்குக் காரணம் என்றும் சொல்லலாம்.

தாத்தாவிடம் 1997ஆம் ஆண்டு வாங்கிய மாருதி ஜிப்ஸி ஒன்று இருந்தது. இவ்வண்டியின் குலம் சற்றுப் பெரிது. ஜப்பானில் சுசுகி நிறுவனம் 1970இல், வெறும் 359 சி.சி. எஞ்சினுடன் ஒரு சிறிய நான்கு சக்கர இயக்க வண்டியை வெளியிட்டது. நம் ஊர்ப் பழைய மொபெட்டின் எஞ்சினைப் போல் அதுவும் இரண்டு ஸ்ட்ரோக் வகையே. அதன் வழி வந்த பேரப்பிள்ளை 1985இல் நம் நாட்டில் 970 சி.சி. எஞ்சினுடன் 'ஜிப்ஸி' என்ற பெயரில் பிறந்தது. 1993இல் சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தைக் கூட்டினார்கள். 1996இல் 1,298 சி.சி. எஞ்சினும் ஐந்து கியர்களும் வைத்தார்கள். இராணுவத்திலும் காவல் துறையிலும் பல்லாண்டு உழைத்த பின், 2019இல் பொதுமக்களுக்கான அதன் விற்பனை நின்றது. மோட்டார் பந்தயப் பிரியர்கள் அதை விட்டபாடில்லை. இமயமலைச் சாலைகளிலும் இராஜஸ்தான் மணலிலும் நடந்த ராலிகளில் ஜிப்ஸி இல்லாத பட்டியலைக் காண்பது அரிது. காரணம் எளிது: ஏணி போன்ற சாசியின் மேல் உடல் தனியாக அமர்ந்திருக்கிறது, எடை ஆயிரம் கிலோவை ஒட்டியே உள்ளது, கழற்றவும் மாட்டவும் ஒரு பெட்டி ஸ்பானர் போதும்.

அம்மா கார் ஓட்டக் கற்றது இந்த வண்டியில்தான். திருமணமாகிக் கோவைக்கு வந்த பின் ஸ்கூட்டரோடு நின்றுவிட்டது. தாத்தா மறைந்தபின், 2017இல் தகுதிச் சான்றும் முடிந்துபோக, வண்டி ஒரு தகரக் கொட்டகையின் கீழ் ஆறு மழைக்காலம் நின்றது. மாமா அதை நாற்பதாயிரம் ரூபாய்க்குக் காயலான் கடைக்காரருக்குப் பேசி முடித்திருந்தார். "இரும்பு விலை இறங்குவதற்குள் தள்ளிவிடலாம்" என்பது அவர் கட்சி. அம்மாவோ, "அதே நாற்பதாயிரத்தை நான் தருகிறேன்" என்று சொல்லிவிட்டார். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. லாரியில் ஏற்றி வண்டி கோவை வந்து சேர்ந்த அன்றுதான், "இதை ஒரு ராலியில் ஓட்டிப் பார்க்க வேண்டும்" என்றார். சிரித்தவர்கள் பலர். சிரிக்காதவர் அப்பா ஒருவரே. அவர் ஒரு புதிய நோட்டுப் புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தில் 'ஜிப்ஸி — வரவு செலவு' என்று எழுதினார்.

தெரிந்த பட்டறை அண்ணன் ஒருவர் வந்தார். எஞ்சினைப் பார்ப்பார் என்று நினைத்தோம். அவரோ ஒரு சிறு சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டியின் அடியில் படுத்துவிட்டார். முன்னிருந்து பின்வரை சாசியைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு 'டங்' என்று மணியோசை தந்தது. பின்பக்கக் கமான்பட்டை மாட்டும் இடம் வந்ததும் 'டொக்' என்றது. ஸ்குரூடிரைவரை வைத்து உள்ளங்கையால் ஒரு தள்ளு. அது பிடிவரை உள்ளே போயிற்று.

"ஏனுங்கக்கா, இது சாசி இல்லீங்க, சல்லடை" என்றார். பின்பு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பார்த்தா வண்டி மாதிரி இருக்கும். மேட்டுல இறங்கி விழுந்தா இந்த இடம் முறியும். முறிஞ்சா பின்னச்சு ஒரு பக்கமா போயிரும். ஆளு தப்பறது கஷ்டமுங்க" என்றார்.

துரு என்பது இரும்பின் மேல் படியும் அழுக்கு என்று பலர் எண்ணுகிறார்கள். வேதியியல் வகுப்பில் கவனித்தவர்களுக்கு அது இரும்பே மாறிய வேறு பொருள் என்பது தெரியும். நீரும் ஆக்சிஜனும் சேர்ந்து இரும்பை நீரேறிய ஆக்சைடாக்குகின்றன. அந்த ஆக்சைடு தான் தின்ற இரும்பைவிடப் பலமடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே இரண்டு தகடுகள் சேரும் மூட்டில் துரு புகுந்தால், ஆப்பு வைத்ததுபோல் அவற்றைப் பிளந்துவிடும். ஜிப்ஸியின் சாசியோ உள்ளே வெற்றிடமான பெட்டி. மலைச் சேறு உள்ளே புகுந்து தங்கி, ஆண்டு முழுதும் ஈரம் காக்கும். வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும்.

அன்று மாலை அம்மா ஒரு நிபந்தனை போட்டார். அதை அப்படியே எழுதுகிறோம். "தம்பி, வண்டியை நான் ஓட்டுவேன். பக்கத்துல உக்காரப் போறது என்ற பெரிய மக. வேகம் போகலைன்னாப் பரவாயில்லை. சாசி முறியாது, உருண்டாக் கூரை அவ தலை மேல இறங்காதுன்னு எனக்கு அளந்து காட்டோணும். வாயில சொன்னாப் பத்தாது." அண்ணன் தலையாட்டினார். அதன்பின் இருபத்தொரு மாதங்கள் நடந்த வேலை எல்லாம் இந்த ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டே நடந்தது.

முதலில் உடலைச் சாசியிலிருந்து பிரித்தோம். பிரித்தோம் என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டோம். எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின! துருவேறிய போல்ட்டு திரும்பாது. பலம் கொடுத்தால் தலை மட்டும் கையோடு வரும். எண்ணெய் விட்டு ஒரு வாரம் காத்திருந்தோம். அதற்கும் மசியாதவற்றைக் கேஸ் வைத்துச் சூடாக்கினார்கள். அதற்கும் மசியாதவற்றை அறுத்தார்கள். பொறுமை என்பதற்கு எங்கள் தமிழாசிரியை சொன்ன பொருளைவிடத் தெளிவான பொருளை அந்தப் போல்ட்டுகள் சொல்லித் தந்தன. பிரித்த ஒவ்வொரு சாமானையும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டு, பெயரும் எண்ணும் எழுதி ஒட்டினோம். கடைசிக் கணக்கில் பாட்டில்கள் 63.

கம்பி பிரஷ், கிரைண்டர், உப்புத்தாள் மூன்றும் கொண்டு சாசியைச் சுரண்டினோம். கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் யாரையும் அண்ணன் அருகே விடவில்லை. வெள்ளை இரும்பு தெரியும்வரை வெட்டி, அதே தடிப்புள்ள தகடு வைத்துப் பற்ற வைத்தார். நேர்க்கோட்டில் வெட்டி ஒட்டினால் அந்தக் கோட்டிலேயே மறுபடி முறியும். ஆகவே சாய்வாக வெட்டி, ஒட்டுப்போட்ட இடத்தின் மேல் இன்னொரு தகட்டைப் போர்த்தினார். குழிகளில் தங்கிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் தடவினோம். சிவப்பு கறுப்பாக மாறியது. இரும்பு பாஸ்பேட் என்று சின்னவள் உரக்கச் சொல்ல, பட்டறைப் பையன்கள் அன்று முதல் அவளை 'டீச்சரம்மா' என்றே அழைத்தனர்.

வெல்டிங் சூட்டில் சாசி முறுக்கிக்கொள்ளும். அது நேராக இருக்கிறதா என்று எப்படி அறிவது? ஒன்பதாம் வகுப்பு வடிவியலே போதும். செவ்வகத்தின் இரு மூலைவிட்டங்களும் சமம். முன்பக்க இடத்துளையிலிருந்து பின்பக்க வலத்துளைக்கு ஒரு டேப். வலத்திலிருந்து இடத்துக்கு இன்னொரு டேப். முதல் நாள் 7 மி.மீ. வேறுபாடு. அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. ஜாக்கி வைத்து அழுத்தி, சூடாக்கி, ஆறவிட்டு, மீண்டும் அளந்து, நான்காம் நாள் 2 மி.மீ.க்குக் கொண்டுவந்தார். அம்மா டேப்பைத் தாமே வாங்கி, தாமே அளந்து பார்த்த பிறகுதான் அடுத்த வேலைக்கு அனுமதி.

அடுத்த வேலை கூண்டு. ராலி வண்டிக்குள் இரும்புக் குழாயால் ஆன கூண்டு ஒன்று இருக்கும். வண்டி உருண்டாலும் உள்ளிருப்பவருக்கு இடம் நசுங்காமல் காப்பது அதுவே. குழாய்க் கடையில் தண்ணீர்க் குழாய் மலிவாகக் கிடைத்தது. "அது தையல் போட்ட குழாய், அடி விழுந்தால் தையல் பிரியும், மேலே பூசிய துத்தநாகம் வெல்டிங்கில் புகைந்து நெஞ்சுக்குக் கேடு" என்று அண்ணன் மறுத்துவிட்டார். எஃப்.ஐ.ஏ. எனப்படும் சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் விதிகளை அக்கா தேடிப் படித்தாள். முதன்மை வளைவுக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிப்பும் உள்ள, தையலற்ற குழாய் வேண்டும். வளைக்கும் இடத்தின் ஆரம் குழாயின் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது. குறைந்தால் உட்பக்கம் சுருங்கி மடியும். அந்த வளைவின் ஒவ்வொரு காலின் கீழும் 120 சதுர செ.மீ.க்குக் குறையாத, 3 மி.மீ. தடிப்புள்ள தகடு, அதைப் பிடிக்க மூன்று போல்ட்டுகள். தகடு எதற்கு? கூர்ங்காலணி அணிந்தவர் மண்ணில் நடந்தால் குதி இறங்குவதுபோல், கூண்டின் கால் மெல்லிய தரைத் தகட்டைத் துளைத்துவிடாதிருக்கவே!

நல்ல குழாயின் விலை தண்ணீர்க் குழாயைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். அப்பாவின் நோட்டில் செலவுப் பக்கம் நிரம்பி, வரவுப் பக்கம் வெறுமையாக இருந்தது. வண்டியின் பின்னிருக்கைகளையும், உலோகக் கூரையையும் விற்றோம். எப்படியும் எடை குறைய வேண்டியதுதானே! மீதிக்கு அம்மா தாம் போட்டுவந்த சீட்டை எடுத்தார். வீட்டில் அந்த ஆண்டு தீபாவளிக்குப் புதுத்துணி இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். எஞ்சினைக் கழற்றி, வளையங்களும் பேரிங்குகளும் மாற்றினார்கள். குதிரைத் திறனைக் கூட்டும் ஆசையை அண்ணன் கிள்ளி எறிந்தார். அடியில் எஞ்சினையும் கியர்பெட்டியையும் கல்லடியிலிருந்து காக்கத் தகடு, முன்னும் பின்னும் கயிறு மாட்டக் கொக்கிகள், கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான், மின்சாரம் முழுவதையும் ஒரே திருப்பில் துண்டிக்கும் சுவிட்சு, நான்கு முனைகளில் பூட்டும் இருக்கைப் பட்டைகள் எல்லாம் வந்தன. வண்டியை உயர்த்தினால் பார்க்க அழகாக இருக்கும் என்று பட்டறைப் பையன்கள் சொன்னார்கள். உயர உயர வண்டி எளிதில் சாயும். ஆகவே கமான்பட்டையில் தகடு கூட்டவில்லை. நல்ல ஷாக் அப்சார்பர்கள் மட்டும் போட்டோம். அதிகம் விறைத்த கமான்பட்டை குழியில் சக்கரத்தை இறக்காமல் வண்டியையே துள்ள வைக்கும்.

இன்னொன்று. இந்த வண்டியைச் சாலையில் ஓட்டுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்தோம். வண்டிகளைத் தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து மாற்றுவதற்கு உச்ச நீதிமன்றம் 2019இல் வரம்பு கட்டிவிட்டது. எங்கள் வண்டிக்குத் தகுதிச் சான்றும் இல்லை. லாரியில் ஏற்றிச் செல்வது, தனியார் நிலத்தில் மட்டும் ஓட்டுவது என்பதே ஏற்பாடு. கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு கம்பி உண்டு; அதைத் தள்ளினால் முன் சக்கரங்களும் இழுக்கும். திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் செல்கின்றன. நான்கையும் ஒன்றாகப் பூட்டிவிட்டால் ஏதேனும் ஒரு சக்கரம் வழுக்கித்தான் ஆக வேண்டும். மண்ணில் வழுக்கலாம், தார்ச்சாலையில் வழுக்க முடியாமல் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். அம்மாவுக்கு இது முன்பே தெரியும். தாத்தா சொல்லித் தந்திருந்தாராம்.

அக்கா சேர்ந்தது வேறொரு பள்ளியில்: வழிகாட்டிக் கணக்கு. ராலி என்றால் கண்மூடித்தனமான வேகம் என்று நினைக்க வேண்டாம். நாங்கள் எண்ணியிருந்த வகைப் போட்டியில் சராசரி வேகம் சொல்லிவிடுவார்கள். முந்தினாலும் தண்டம், பிந்தினாலும் தண்டம். மணிக்கு 36 கி.மீ. என்றால் ஒரு கி.மீ.க்கு 100 வினாடி. 12.4 கி.மீ.க்கு 20 நிமிடம் 40 வினாடி. இதுவரை எளிது. ஆனால் தூரம் காட்டும் மீட்டர் உண்மை பேசுகிறதா? பழைய 205/70 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.10 மீட்டர், நாங்கள் மாட்டிய 215/75 டயருக்கு 2.21. மீட்டருக்குச் சக்கரத்தின் சுற்றுகளை எண்ண மட்டுமே தெரியும். அது 1,000 மீட்டர் என்று சொல்லும்போது வண்டி 1,052 மீட்டர் போயிருக்கும். 12.4 கி.மீ.யில் இந்தப் பொய் அறுநூறு மீட்டரைத் தாண்டும். ஒரு நிமிடத்துக்கும் மேல் தவறும்! அக்கா திருத்த அட்டவணை ஒன்றைக் கையால் எழுதி, மழைக்கு நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டாள்.

இதற்கிடையில் உறவினர் வீட்டு விசேஷங்களில் நாங்கள் பட்ட கேலி கொஞ்சமல்ல. "வண்டி ஓட்டறது ஆம்பளைங்க வேலை" என்றார் ஒரு பெரியவர். 1981இல் இத்தாலியின் சான்ரெமோ ராலியில் மிஷேல் முதோன் என்ற பிரெஞ்சுப் பெண் வென்றதையும், அவருக்கு வழிகாட்டிய ஃபாப்ரிசியா போன்ஸும் பெண்ணே என்பதையும், 2001இல் பாரிஸ்–டாக்கார் ராலியில் ஜெர்மனியின் யுட்டா கிளைன்ஷ்மிட் முதலிடம் பெற்றதையும் சின்னவள் ஒப்பித்தாள். பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அவங்கெல்லாம் வெள்ளைக்காரங்க" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. பந்தியில் பாயசம் வந்துவிட்டது.

2024 டிசம்பரில், உறவினர் ஒருவரின் அறுவடை முடிந்த சோளக்காட்டில் பயிற்சி. அம்மா ஓட்ட, அக்கா இடப்பக்கம் அமர, நாங்கள் இருவரும் வரப்பில் கடிகாரத்தோடு நின்றோம். நான்காம் சுற்றில் வலப்பக்கம் திரும்புகையில் இடச் சக்கரங்கள் உழவுமண்ணில் புதைந்தன. வேகம் இருபதுகூட இராது. வண்டி மெல்ல, மிக மெல்ல, யாரோ கையால் தள்ளினாற்போல் இடப்பக்கம் சாய்ந்து படுத்துவிட்டது. அக்கா இருந்த பக்கம்!

நாங்கள் ஓடினோம். எப்படி ஓடினோம் என்று இன்றும் தெரியவில்லை. அருகில் போனபோது எஞ்சின் நின்றிருந்தது. அக்கா சுவிட்சைத் திருப்பியிருந்தாள். இரு கைகளையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, பயிற்சியில் சொன்னது சொன்னபடி அசையாமல் இருந்தாள். அம்மா மேலே பட்டையில் தொங்கிக்கொண்டு, "எல்லாரும் தள்ளி நில்லுங்க, பெட்ரோல் வாடை வருதான்னு பாருங்க" என்றார். வாடை இல்லை. அம்மா ஒரு காலைக் கூண்டுக் குழாயில் ஊன்றிப் பட்டையை அவிழ்த்து வெளியே வந்தார், பின்னால் அக்கா. அக்காவின் முழங்கையில் ஒரு சிராய்ப்பு. அவ்வளவுதான். அதன் பின்புதான் அவளுக்கு நடுக்கம் வந்தது. அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

செய்தி கேட்டு முதலில் வந்தவர் மாமா. கயிறு கட்டி, டிராக்டரால் இழுத்து வண்டியை நிமிர்த்தினார். கண்ணாடிச் சட்டம் வளைந்திருந்தது. இடப்பக்கப் பக்கவாட்டுத் தகடு அப்பளம். "அப்பவே நாப்பதாயிரத்துக்கு…" என்று தொடங்கினார். அம்மா பதில் சொல்லாமல் டேப்பைக் கேட்டார். கூண்டின் முதன்மை வளைவின் மூலைவிட்டம், பற்ற வைத்த அன்று நோட்டில் எழுதியது 1,628 மி.மீ. அம்மா ஒரு முனையைப் பிடிக்க, மாமா மறு முனையைப் பிடித்தார். 1,628. மறு மூலைவிட்டம், அதுவும் எழுதியபடியே. அம்மா மூன்று தடவை அளந்தார். மாமா டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "இந்தக் குழாய் எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று கேட்டார்.

போட்டி 2025 ஜனவரியில், மலையடிவாரத்துத் தனியார் தோட்டம் ஒன்றின் மண்பாதைகளில் ஒரு மோட்டார் மன்றம் நடத்தியது. 22 வண்டிகள் புறப்பட்டன. பெண்கள் இருவர் இருந்தது எங்களுடையதில் மட்டும். ஓடையைக் கடக்கையில் ஒரு வண்டி எதிரே சிக்கி நிற்க, அம்மா நின்று கயிறு கொடுத்து இழுத்துவிட்டுப் போனதில் நான்கு நிமிடம் போயிற்று. 17 வண்டிகள் முடித்தன. நாங்கள் பதினொன்றாம் இடம். அக்காவின் அட்டவணைப்படி அந்த நான்கு நிமிடம் இல்லையென்றால் ஆறாம் இடமாம். அம்மா அந்தக் கணக்கைக் கேட்க மறுத்துவிட்டார். கோப்பை இல்லை, முடித்தவர் அனைவருக்கும் ஒரு தகரப் பட்டயம் தந்தார்கள். அது இப்போது தாத்தாவின் படத்துக்குக் கீழே இருக்கிறது.

வேலை முடியவில்லை. சிறு கம்பியின் பெட்டியில் எண்ணெய் கசிகிறது. அப்பளமான தகட்டை டிங்கரிங் செய்ய வேண்டும். மழைக்கு முன் சாசியின் உட்புறம் மறுபடி எண்ணெய் அடிக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை நான்கு மணிக்குப் பட்டறை திறந்திருக்கும். உப்புத்தாள் தேய்க்க விருப்பமுள்ள தோழியர் பெற்றோரின் அனுமதியோடு வரலாம். பழைய உடையும், மூடிய காலணியும் அணிந்து வரவும். எலுமிச்சம்பழம் நாங்கள் வாங்கி வைத்திருக்கிறோம்.